ஒடுக்கத்தின் விலை

ஒரு பொருள் அழிந்துபோவது அதன் குறையா, அல்லது உலகு தொடர்ந்து நடப்பதற்கு வேண்டிய ஒழுங்கா என்பது இந்தியச் சமயங்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாவாகும். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம், தன் 12 நூற்பாக்களுள் முதலாவதிலேயே உலகின் தோற்றம், நிலை, ஒடுக்கம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, அனைத்தையும் ஒடுக்குகின்ற பொருளே முதற்பொருள் என்று நிறுவுகிறது. சைவ சித்தாந்தத்தின்படி ஒடுக்கம் என்பது இல்லாமற் போவதன்று. விரிந்து நின்ற உலகு தன் காரணமாகிய மாயையில் மீளச் சென்று அடங்குவதே அது. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் இன்னும் ஒரு படி மேலே சென்று, அழித்தல் என்னும் தொழில் பிறந்து இளைத்த உயிர்களுக்கு இளைப்பாறுதல் தருவதற்கே என்று விளக்குகிறார். அவ்வாறாயின், ஒடுங்க மறுக்கும் பொருளை மனிதன் ஆக்கி நீரில் விடுவது எத்தகைய செயல் என்பதும், எளிதில் ஒடுங்கும் பொருளை மட்டுமே விடுபவன் குற்றமற்றவன் ஆகிவிடுவானா என்பதும் இக்காலம் எதிர்கொள்ள வேண்டிய கேள்விகளாகின்றன.

இவற்றுள் முதற்கேள்விக்கு வேதியியல் தெளிவான விடை வைத்திருக்கிறது. தேங்காயெண்ணெய், நெய், சவர்க்காரம் ஆகியவற்றின் அடிப்படையாக அமைந்த கொழுப்பமிலங்கள், கார்பன் அணுக்கள் கிளையின்றி நேராகக் கோத்த நீண்ட சங்கிலிகளாகும்; தேங்காயெண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தில் 12 கார்பன்களும், பனையெண்ணெயில் மிகுந்துள்ள பால்மிட்டிக் அமிலத்தில் 16 கார்பன்களும் உள்ளன. உயிரினங்கள் இச்சங்கிலியை நுனியிலிருந்து இரண்டிரண்டு கார்பன்களாகத் துண்டித்து உண்கின்றன என்பதை ஜெர்மானிய அறிஞர் ஃபிரான்ஸ் நூப் 1904-இல் கண்டறிந்தார். மாறாக, 1950-களில் பெட்ரோலியத்திலிருந்து செய்யப்பட்ட சலவைத்தூள்களின் மூலக்கூறுகள் கிளைத்த சங்கிலி உடையவையாக இருந்தமையால், நுண்ணுயிர்கள் அவற்றைத் துண்டிக்க இயலாமல் திணறின. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரை சுமந்து ஓடின. 1960-களில் நேர்ச்சங்கிலி மூலக்கூறுகளுக்கு மாறிய பிறகே அந்நுரை தணிந்தது. மீளும் வழி அடைக்கப்பட்ட பொருளைச் செய்வது, உலகின் ஒடுக்கத் தொழிலுக்கே தடை போடுவதாகும் என்பதை அந்த அனுபவம் உணர்த்தியது.

ஒரு பொருள் மீளுமா என்பதை முன்கூட்டியே அறிவதற்குப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1992-இல் ஏற்றுக்கொண்ட 301-ஆம் எண் வழிகாட்டி ஆறு சோதனை முறைகளை வகுத்துள்ளது. அவற்றுள் மூடிய குப்பி முறை மிகவும் எளியது. லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரையிலான சோதனைப்பொருளை, ஆக்சிஜன் நிறைந்த உப்புக்கரைசலில் இட்டு, நுண்ணுயிர்களுக்காகச் சிறிதளவு கழிவுநீர் சேர்த்து, ஒரு காற்றுக்குமிழியும் தங்காதபடி கண்ணாடி அடைப்பானால் மூடி, இருட்டில் மாறாத வெப்பநிலையில் 28 நாட்கள் வைக்கிறார்கள். குறித்த நாட்களில் ஒரு குப்பியைத் திறந்து மாங்கனீசு உப்பும் காரமும் சேர்த்தால், ஆக்சிஜன் எஞ்சியிருக்கும் நீரில் பழுப்பு நிற வீழ்படிவும், முற்றும் தீர்ந்துபோன நீரில் வெண்மையான வீழ்படிவும் உண்டாகும். அதிலிருந்து ஆக்சிஜனின் அளவைக் கணக்கிடுகிறார்கள். முழுவதும் சிதைந்தால் எவ்வளவு ஆக்சிஜன் செலவாக வேண்டுமோ அதில் 60 விழுக்காடு 28 நாட்களுக்குள், அதுவும் சிதைவு தொடங்கிய சில நாட்களுக்குள் விரைந்து செலவாகியிருந்தால், அப்பொருள் எளிதில் மக்குவது என்று ஏற்கப்படும்.

இச்சோதனையில் மக்குதலை எவரும் கண்ணால் காண்பதில்லை. சித்தியார் ஏற்கும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளுள், அதாவது அறிவைப் பெறும் வழிகளுள், இது கருதலைச் சேர்ந்தது. ஆக்சிஜன் குறைந்ததைக் கண்டு, பொருள் சிதைந்ததை உய்த்துணர்கிறார்கள். நுண்ணுயிர்கள் தாமாகவே மூச்சிழுத்துக் குறைத்த ஆக்சிஜனைக் கழிப்பதற்காகச் சோதனைப்பொருள் இல்லாத குப்பியும், அவை நலமாக உள்ளனவா என்றறிவதற்காக எளிதில் மக்கும் சோடியம் அசிட்டேட் இட்ட குப்பியும் உடன் வைக்கப்படுவது, அந்தக் கருதல் பிழைபடாமைக்கான காவலாகும். தேறாத பொருள் என்றுமே மக்காது என்றும் இம்முறை சொல்வதில்லை. தன் எல்லையை அறிந்து பேசும் அளவை இது.

இரண்டாம் கேள்வியின் விடையும் இதே குப்பிக்குள் இருக்கிறது. பொருள் சிதைந்ததற்கான சான்றாகக் கொள்ளப்படுவது நீர் இழந்த மூச்சுதான். ஒரு கிராம் பால்மிட்டிக் அமிலம் முழுவதும் ஒடுங்குவதற்கு ஏறத்தாழ 2.9 கிராம் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. கடல்மட்டத்தில் 20 பாகை வெப்பமுள்ள நன்னீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனே கரைந்து நிற்கும். சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் காற்றழுத்தம் குறைவென்பதால் அதே வெப்பத்தில் 7.5 மில்லிகிராம் அளவே நிற்க முடியும். ஆகவே, மஞ்சக்குட்டை போன்ற சேர்வராயன் மலையூர் ஒன்றின் நீர்நிலையில், புதுக்காற்று கலவாதபோது, ஒரு கிராம் கொழுப்பமிலம் 380 லிட்டருக்கு மேற்பட்ட நீரின் மூச்சை வாங்கிவிடும். 1820-களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் கொண்டுவந்த காபி இம்மலையின் வாழ்வாதாரமாகி நிற்கிறது. பல்ப்பர் என்னும் எந்திரத்தில் தோல் உரித்த காபிப்பழத்தைக் கழுவிய நீரில் உள்ள சர்க்கரையும் பெக்டினும்கூட முற்றிலும் இயற்கையானவை, எளிதில் மக்குபவை, அதனாலேயே ஓடையின் ஆக்சிஜனை விரைந்து தீர்ப்பவை. இயற்கையானது என்பதும் தீங்கற்றது என்பதும் ஒன்றல்ல.

இவ்விடத்தில் சமண சமயத்தின் நோக்கு துணைசெய்கிறது. நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டென்றும், கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் எங்கும் நிறைந்துள்ளன என்றும் நம்பிய சமணர், நீரை வடிகட்டியே அருந்தும் ஒழுக்கத்தை வகுத்தனர். அந்நோக்கில் பார்த்தால், கழிவை ஒடுக்கித் தரும் நுண்ணுயிர்கள் மனிதனுக்கு அமர்த்தப்பட்ட பணியாட்கள் அல்ல; அவை தம் பசிக்கு உண்கின்றன, உண்ணும்போது மீனும் தவளையும் சுவாசிக்க வேண்டிய ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்கின்றன. கழிவை விடுபவன் தன் செயலின் விலையை அறியாத உயிர்களின் தலையில் ஏற்றுகிறான். அவன் விட்ட பொருள் நல்லது என்பதாலோ, பூசையில் வார்த்த நெய் என்பதாலோ அந்த விலை குறைந்துவிடுவதில்லை.

சேர்வராயன் மலையுச்சியின் குகைக்கோயிலில் சேர்வராயனோடு காவேரியம்மனும் வழிபடப்படுகிறாள். இம்மலைத் தொகுதியில் தோன்றும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் உண்மையாகவே காவிரியில் சென்று கலக்கின்றன. மலைமக்களின் வழிபாடு உணர்ந்த இத்தொடர்பைக் கழிவைப் பற்றிய சிந்தனையும் உணர வேண்டும். மேலே விடப்படும் ஒவ்வொன்றும் கீழே ஓர் உயிரால் ஏற்கப்படுகிறது. சித்தாந்தம் கூறும் ஒடுக்கம் இறைவனின் அருளால் உயிர்களுக்கு இளைப்பாறுதலாக அமைகிறது. மனிதன் நீரில் திணிக்கும் ஒடுக்கமோ, அளவு மீறும்போது, இளைப்பாறுதலுக்கு மாறாக மூச்சுத்திணறலாக முடிகிறது. ஆகவே, எளிதில் மக்கும் என்னும் சான்று ஒரு பொருளைச் செய்யத் தகுதி தருமேயன்றி, எவ்வளவு வேண்டுமானாலும் விடுவதற்கு உரிமை தராது. மீளக்கூடிய பொருளைத் தேர்வது அறத்தின் முதற்பாதி. ஏற்கும் நீரின் ஆற்றலை அறிந்து, அதற்குள் தன் கொடையை அடக்குவது மறுபாதி. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் தூய்மை என்று ஒருவன் உரிமையோடு சொல்லிக்கொள்ள முடியும்.