ஈறுகளும் ஓர் அமானிதமே

 

தம் உம்மத்துக்குச் சிரமமாகிவிடுமே என்றில்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யும்படி எம்பெருமானார் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருப்பார்கள் என்பது நாம் மதரஸாவிலே ஓதிய பாடம். இவ்வுலகை விட்டுப் பிரியும் தறுவாயிலுங்கூட, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மென்று மிருதுவாக்கிக் கொடுத்த குச்சியால் அவர்கள் பல் துலக்கினார்கள். மிஸ்வாக்குக்குப் பேர்போன அராக் மரத்தைத் தமிழிலே உகா என்பார்கள். நம் முன்னோர் கப்பலேறி வந்த நாட்டின் கடலோரங்களிலும் அது வளர்கிறது.

இவ்வளவும் தெரிந்த நம்மிடையே, பகாவ், லிங்கி, போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களில், பற்கள் ஆடத் தொடங்கியும் வைத்தியரைப் பாராதவர் எத்தனை பேர்! ரப்பர் கோலோச்சிய காலத்தில் பொழுது விடியுமுன் பிரட்டுக்கு ஓட வேண்டும். அடுப்புக்கரியோ உப்போ விரலில் தொட்டு ஓர் இழுப்பு, அதோடு சரி. கொஞ்சம் வசதியிருந்தால் கோபால் பற்பொடி. இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பிரஷும் பேஸ்டும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. அந்த ஓர் இழுப்பு மட்டும் மாறவில்லை.

கடைக்காரராகிய நம்மிடம் பல்வலிக்குக் கிராம்புத் தைலம் கேட்டு வருகிறார்கள். ஈறில் இரத்தம் கசிகிறது என்று எவரும் வருவதில்லை, ஏனெனில் அது வலிப்பதில்லை. இந்த வியாதியின் தந்திரமே அதுதான். பல்லும் ஈறும் சேருமிடத்தில் கிருமிகள் பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. அன்றாடம் துடைத்தெடுக்காவிட்டால் அது சில நாட்களில் காரையாக இறுகிவிடுகிறது. ஈறு சிவந்து வீங்கி, பல் துலக்கும்போது இரத்தம் காட்டும். இந்த நிலையில் சரியாகச் சுத்தம் செய்தால் இரண்டொரு வாரத்தில் ஈறு பழையபடி ஆகிவிடும். அசட்டையாக விட்டால் ஈறு பல்லைவிட்டு விலகிப் பையாகும். உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாக வளர்ந்து வருவதில்லை.

இரத்தம் வருகிறதென்று அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறார்களே, அது தலைகீழான வைத்தியம். மிருதுவான பிரஷால், அழுத்தாமல், காலையிலும் படுக்குமுன்னும் அங்கேதான் துலக்க வேண்டும். பல்லிடுக்கையும் சுத்தம் செய்ய வேண்டும். உப்புநீர் கொப்பளித்தால் இதமாயிருக்கும், காரை போகாது. அதைப் பல் வைத்தியர்தான் எடுக்க வேண்டும். காரையைச் சுரண்டினால் பல் ஆடிவிடும் என்று லயத்திலே ஒரு பேச்சு உண்டு. ஏற்கெனவே பிடிப்பு விட்ட பல்லைக் காரை மறைத்து வைத்திருந்தது என்பதே உண்மை.

வெற்றிலைத் தட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வியாபாரிக்கு இது பிடிக்காத பேச்சு. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஏட்டில், புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. சுருட்டும் சிகரெட்டும் இன்னொரு விதத்தில் ஏமாற்றும்: புகைப்பவருக்கு ஈறு கெட்டிருந்தாலும் இரத்தம் அதிகம் வராது. நீரிழிவு உள்ளவர்கள் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது.

இனி நோன்புக்கு வருவோம். சூரியன் சாய்ந்தபின் நோன்பாளி மிஸ்வாக் செய்வது ஷாபிஈ மத்ஹபில் மக்ரூஹ், ஹனபிகளிடம் அப்படியில்லை. இதைச் சாக்காக்கி ரமலான் முழுவதும் வாயைக் கவனியாதவர்கள் இருக்கிறார்கள். ஸஹர் உண்டபின்னும் இரவு படுக்குமுன்னும் துலக்குவதை எந்த மத்ஹபு தடுத்தது? அதேபோல் உமிழ்நீரைச் சிவக்கச் செய்யும் அளவு ஈறில் இரத்தம் வந்தால் ஹனபிகளுக்கு உளு முறியும். ஷாபிஈகளுக்கு உளு முறியாது, ஆனால் இரத்தம் நஜீஸ், வாயைக் கழுவ வேண்டும், நோன்பில் விழுங்கலாகாது. இந்த மஸ்அலாவை ஹஜ்ரத்திடம் வருஷக்கணக்காய்க் கேட்டுக்கொண்டே இருப்பவர், ஒரு தடவை பல் வைத்தியரிடம் போனால் கேள்விக்கே இடமிராதே!

நோய்க்கு மருந்தைத் தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் தாதியருக்கு 1949லேயே பினாங்கில் பயிற்சி தொடங்கிய நாடு இது. அரசாங்கப் பல் மருத்துவக் கிளினிக்குகளில் பிரஜைகளுக்குக் கட்டணம் சொற்பம். கர்ப்பிணிகளும் தயங்க வேண்டாம். அக்காலத்தில் ஈறு எளிதில் வீங்கும், காரை எடுப்பதால் சிசுவுக்குத் தீங்கில்லை. போகும்போது அடையாள அட்டையோடு, சாப்பிடும் மாத்திரைகளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரைக்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மருந்துண்பவர் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.