வேண்டிப் பெறும் பிள்ளை

கடல் கடந்த தேசமொன்றின் அநாதை இல்லத்திலிருந்து ஒரு குழந்தையைத் தம் வீட்டுக்கு அழைத்துவர விரும்பும் தம்பதியர், அதற்கு வேண்டிய பொருள் தம்மிடம் இல்லாதபோது, உற்றாரிடத்தும் சபையாரிடத்தும் முன்பின் அறியாதவரிடத்தும் கை நீட்டலாமா என்னும் கேள்வி, அமெரிக்கக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் நெடுங்காலமாக எழுந்து வருகிறது. 'தத்தெடுக்கவே காசில்லாதவர்கள் பிள்ளையை எப்படி வளர்க்கப் போகிறார்கள்?' என்று கேட்பவர்கள் அங்கும் இருக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்க்கும்போது நியாயமாகவே தோன்றும் இந்த வாதம், சற்று ஆராய்ந்தால் நிற்காது. மாதச் சம்பளத்தில் ஒரு பிள்ளைக்குச் சோறும் துணியும் படிப்பும் குறைவறக் கொடுக்க வல்ல ஒரு குடும்பம், 30,000 முதல் 50,000 டாலர் வரையான தொகையை ஓரிரு ஆண்டுகளுக்குள் ரொக்கமாக எடுத்து வைக்கவும் வல்லதாக இருந்தே தீரவேண்டும் என்று எந்த நீதி சொல்கிறது?

அத்தனை பெருந்தொகை எங்கே போகிறது என்று வியப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முகமை நிறுவனத்தின் கட்டணம் போக, சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து படுக்கையறை முதல் வங்கிக் கணக்கு வரை பார்த்து எழுதும் அறிக்கைக்கு ஒரு கட்டணம், கைரேகைக்கு ஒன்று, குடியேற்றத் துறை விண்ணப்பத்துக்கு ஒன்று, திருமணச் சான்றுக்கும் மருத்துவச் சான்றுக்கும் நோட்டரி முத்திரை, அதன்மேல் அரசாங்க முத்திரை, பிறகு அந்நாட்டு மொழியில் மொழிபெயர்ப்பு, வக்கீல், விமானம், விடுதி, விசா என்று அது கிளை கிளையாகப் பிரிந்து செல்கிறது. அமெரிக்க அரசு தத்தெடுப்போருக்கு வருமான வரியில் 2025ஆம் ஆண்டுக்கு 17,280 டாலர் வரை கழிவு தருகிறது என்பது உண்மையே. ஆயினும் அந்தச் சலுகை பெரும்பாலும் பிள்ளை வீடு வந்து சேர்ந்த பிற்பாடு கைக்கு எட்டுவதாகையால், வழிச்செலவுக்கு அது உதவுவதில்லை. ஆகவே அவர்கள் பழைய சாமான்களை வீட்டு வாசலில் பரப்பி விற்கிறார்கள். வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட் விற்கிறார்கள். சபையாருக்குச் சமைத்துப் போட்டுக் காணிக்கை பெறுகிறார்கள். தர்ம ஸ்தாபனங்களுக்கு மனுப் போடுகிறார்கள்.

இவற்றுள் என் நெஞ்சில் நிலைத்துவிட்ட முறை ஒன்று உண்டு. என் மகள் குடியிருக்கும் அமெரிக்க ஊரில், ஞாயிறு ஆராதனை முடிந்து காப்பி அருந்தும் கூடத்தில், எத்தியோப்பியாவிலிருந்து ஒரு பிள்ளையை எதிர்நோக்கியிருந்த தம்பதியர் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேஜையின்மேல், ஆயிரம் துண்டுகளாக வெட்டப்பட்ட ஒரு படப் புதிர் பெட்டியோடு திறந்து கிடந்தது. ஒரு துண்டுக்குப் பத்து டாலர் என்று விலை. பணம் கொடுத்தவரின் பெயரை அந்தப் பெண்மணி மெல்லிய கறுப்புப் பேனாவால் துண்டின் பின்புறத்தில் எழுதி, மை காயும்வரை ஊதி, வேறொரு தட்டில் வைத்தாள். துண்டுகள் எல்லாம் விலைபோன பின்னர் அவற்றைச் சேர்த்துப் படத்தை முடித்து, முன்னும் பின்னும் கண்ணாடி வைத்த சட்டத்திலிட்டுப் பிள்ளையின் அறையில் மாட்டுவார்களாம். ஒரு முதியவர், பெயர் எழுத வேண்டாம், துண்டை மட்டும் எடுத்து வையுங்கள் என்றார். அவளோ, பெயர் வேண்டும், பிள்ளை ஒருநாள் கேட்பான் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கி எழுதினாள்.

நம் நாட்டு மொய் நோட்டை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் எழுதும் வழக்கம் முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் மொய் நோட்டில் ஏறிய பெயர், அவர் வீட்டுக் காரியத்தில் நாம் திருப்பிச் செய்யவேண்டிய கடனுக்குச் சாட்சி. அந்தப் படத்தின் பின்புறத்தில் ஏறிய பெயருக்குத் திருப்பிச் செய்யும் நியதி ஏதுமில்லை. பிறக்கும்போது தன்னைச் சூழ நின்ற சுற்றத்தை இழந்துவிட்ட ஒரு குழந்தைக்கு, தான் வருமுன்னரே தன்னை வேண்டுமென்று சொன்ன நூற்றுக்கணக்கான மனிதர்களின் பெயர்கள் சுவரில் இருப்பதை நான் யாசகம் என்று கருதமாட்டேன். தன் பொருளாலேயே எல்லாம் முடித்துக்கொள்ள வல்லவன் அடையாத ஒரு செல்வம் அது. கொடுப்பதைப் புண்ணியமாகவும் கேட்பதை இழிவாகவும் கருதிப் பழகிய நாம், கேட்பவர் இல்லாவிடில் கொடுப்பவரும் இல்லை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கேட்காமலே பெறுவது இன்னும் உயர்ந்தது என்று சொல்லும் மரபும் கிறிஸ்தவ சமயத்தில் உண்டு. பிரஷ்ய தேசத்தில் 1805இல் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836ஆம் ஆண்டில் அநாதைப் பிள்ளைகளுக்கென்று ஒரு வாடகை வீட்டைத் திறந்த ஜார்ஜ் முல்லர், தேவையை மனிதரிடம் சொல்வதில்லை, ஜெபத்தில் மட்டுமே சொல்வது என்று விரதம் பூண்டு, நாளடைவில் ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெருங்கட்டடங்களை எழுப்பி, 2,000 பிள்ளைகள் ஒரே காலத்தில் தங்குவதற்கு இடமமைத்தார். நான் பிறந்த திருநெல்வேலிச் சீமையிலும், 1901ஆம் ஆண்டு முதல் டோனாவூரில் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த அயர்லாந்து மாதரசி ஏமி கார்மைக்கேல், 1951இல் தம் ஆயுள் முடியும்வரை எவரிடமும் நிதி வேண்டியதில்லை என்பதை எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

இவ்விருவரையும் முன்னிறுத்தி, 'விசுவாசம் இருந்தால் பணம் தானாக வரும்' என்று தத்தெடுக்கும் தம்பதியருக்கு உபதேசிப்போர் முல்லரின் ஜெபத்தைச் சொல்கிறார்களேயன்றி, அவருடைய கணக்குப் புத்தகத்தைச் சொல்வதில்லை. வந்த காணிக்கை எத்தனை சிறிதாயினும் அதற்கு ரசீது எழுதி, ஆண்டுதோறும் வரவும் செலவும் அச்சிட்டு ஊருக்கு முன் வைத்தவர் அவர். 1841ஆம் ஆண்டின் இறுதியில் கையிருப்பு மிகவும் சுருங்கியிருந்தபோது, அந்த வேளையில் அறிக்கையை வெளியிட்டால் அது மறைமுகமாகக் கேட்பதாகிவிடும் என்று அஞ்சி, வெளியீட்டையே தள்ளிப்போட்டார். தேவை மிகுந்திருந்த நேரத்தில், பணத்தை வரவழைக்கக்கூடிய ஒரு செயலைத் தாமாகவே நிறுத்திவைத்த அந்த மனவுறுதியைத்தான் நான் விசுவாசம் என்று மதிக்கிறேன்.

இங்கேதான் எனக்கு நெடுநாளாக உறுத்தும் விஷயம் வருகிறது. ஜெபித்தோம், பணம் வந்தது. ஆகவே இந்தப் பிள்ளையை அழைத்துவருவது தேவ சித்தம் என்று முடிவு கட்டுவதைப் பலருடைய சாட்சிகளில் கேட்டிருக்கிறேன். கொடுத்தவர்களின் அன்புக்கு அந்தப் பணம் சாட்சி, ஐயமில்லை. ஆனால் கடலுக்கு அப்பால் இருக்கும் குழந்தைக்குத் தாய் இருக்கிறாளா, அவள் எந்தத் தாளில் எதை அறிந்து ரேகை வைத்தாள் என்பதைப் பற்றி, இங்கே நிறைந்த உண்டியல் நமக்கு ஒன்றும் அறிவிக்காது.

பணம் எத்தகைய காரியங்களைச் செய்யும் என்பதைச் சரித்திரம் காட்டியிருக்கிறது. ஒரிகன் மாநிலத்து விவசாயியான ஹாரி ஹோல்ட்டும் அவர் மனைவி பெர்த்தாவும், தமக்கு ஆறு பிள்ளைகள் இருந்தும், கொரியப் போரில் அநாதையான எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுக்க முனைந்து, அன்றைய சட்டம் இருவருக்குமேல் இடம் கொடாமையால் அமெரிக்கக் காங்கிரஸ் தனிச்சட்டமே இயற்ற, 1955இல் அவர்களை வீடு சேர்த்தார்கள். அவர்களுடைய அன்பை நான் ஐயுறவில்லை. ஆயினும் அந்தத் தேசத்திலிருந்து அடுத்து வந்த பதிற்றாண்டுகளில் ஏறக்குறைய 1,40,000 குழந்தைகள் அயல்நாடு சென்ற வரலாற்றை ஆராய்ந்த தென்கொரிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், பெற்றோர் உள்ள குழந்தைகளையும் அநாதைகளென்று பொய்யாகப் பதிந்தது உள்ளிட்ட முறைகேடுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அறிவித்தது. சீனத்துக்குப் போன பெற்றோர்கள் அநாதை இல்லத்துக்குரிய 3,000 டாலர் நன்கொடையைப் புத்தம் புதிய நூறு டாலர் நோட்டுகளாக இடுப்புப் பையில் கட்டிக்கொண்டு சென்றார்கள்; அந்த நன்கொடைப் பழக்கம் வேரூன்றிய பின்னர், ஹுனான் மாகாணத்து இல்லங்கள் சில, தரகர்களிடம் விலை கொடுத்துக் குழந்தைகளை வாங்கிய செய்தி 2005இல் வெளிப்பட்டது. அதே ஆண்டில் நம் சென்னையிலும், ஏழைகளின் குழந்தைகளைத் திருடிப் பொய்ப் பத்திரங்களோடு அயல்நாட்டுக்குத் தத்துக் கொடுத்திருந்ததைப் போலீசார் கண்டுபிடித்தார்கள். தூரத்துச் சபையொன்றில் கண்ணீரோடு கொடுக்கப்பட்ட காணிக்கையும் இப்படிப்பட்ட கைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கக்கூடும் என்று நினைக்கும்போது மனம் பதைக்கிறது.

இந்த அபாயத்தை அறிந்தே நம் உச்ச நீதிமன்றம் 1984இல் லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் விதிகள் வகுத்தது. 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, பெற்ற குடும்பத்தில் பிள்ளை நிலைக்க வழி உண்டா என்றும், இல்லையேல் சொந்த நாட்டில் இடம் உண்டா என்றும் முதலில் பார்க்க வேண்டும் என்று வரிசைப்படுத்தியதோடு, தத்துக் காரியத்தில் தகாத ஆதாயம் எவரும் அடையலாகாது என்றும் விலக்கியது. அமெரிக்காவுக்கு 2004இல் ஏறக்குறைய 23,000 குழந்தைகள் தத்துப் பிள்ளைகளாக வந்திருக்க, 2023இல் அந்தத் தொகை 1,300க்கும் கீழே இறங்கியது. எத்தியோப்பியா 2018இல் கதவை அடைத்தது. சீனம் 2024 செப்டம்பரில் அடைத்தது. பிள்ளையின் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் சில நூறு, சீனத்தின் அறிவிப்பால் துயரத்தில் ஆழ்ந்தன. அவர்களுக்காகவும், அங்கே காத்திருந்த பிள்ளைகளுக்காகவும் இரங்காமல் இருக்க முடியவில்லை. உடற்குறையோடு பிறந்து, உள்ளூரில் எவரும் ஏற்க முன்வராத குழந்தைகள் அவர்களில் பலர். கதவை அடைப்பதொன்றே நீதியாகிவிடாது.

ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கிறிஸ்தவத் தம்பதியர், 2015ஆம் ஆண்டில் உகாண்டாவிலிருந்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைத் தத்தெடுத்தார்கள். அவள் ஆங்கிலம் பேசப் பழகியபின், தன்னை அன்போடு வளர்த்த தாயைப் பற்றி மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினாள். தாள்களில் எழுதியிருந்த கதையும் பிள்ளையின் வாயில் வந்த கதையும் பொருந்தவில்லை. விசாரித்ததில், பிள்ளைக்குப் படிப்புக் கிடைக்கும் என்று மட்டுமே அந்தத் தாய்க்குச் சொல்லியிருந்தது தெரியவர, அத்தம்பதியர் அடுத்த ஆண்டிலேயே அவளை அழைத்துக்கொண்டு உகாண்டாவுக்குப் போய்த் தாயிடமே சேர்த்தார்கள். உகாண்டாவில் இத்தகைய தத்துகளை நடத்திவைத்ததாக இரண்டு நீதிபதிகள்மீதும் ஒரு வக்கீல்மீதும் அமெரிக்க அரசு 2020இல் தடை விதித்தது. உள்ளம் நிறைந்து அழைத்து வந்த பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த அந்த வீட்டாரின் செயலுக்குச் சமமாக, பணம் வந்து சேர்ந்த அற்புதங்களில் ஒன்றையும் என்னால் வைக்க முடியவில்லை.

ஆகையால் பணம் திரட்டலாகாது என்று நான் சொல்லவில்லை. திரட்டுகிறவர்கள், முகமை நிறுவனத்துக்கு இவ்வளவு, நீதிமன்றத்துக்கு இவ்வளவு, இல்லத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தவர்களின் முன்னே கணக்கை விரித்து வைக்கட்டும். பிள்ளையைப் பெற்றவளுடைய நிலையை, முகமையைச் சாராத ஒருவரைக் கொண்டு விசாரிப்பதற்கான செலவையும் அந்தக் கணக்கிலேயே முதலில் எழுதட்டும். வறுமை ஒன்றே அவள் பிரிவதற்குக் காரணம் என்று தெரிந்தால், திரட்டிய பொருளில் ஒரு பகுதி அவள் தன் பிள்ளையைத் தானே வளர்ப்பதற்குப் போகும் என்று, கேட்கும்போதே சொல்லி வைக்கட்டும். மிச்சத்தைக் கொடுத்தவர்களுக்கே திருப்பித் தரட்டும்.

கொடுப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் சபையிலோ சுற்றத்திலோ இப்படி ஒருவர் வந்து கேட்டால், பணமில்லாதவர்க்குப் பிள்ளை ஏன் என்று கேட்காதீர்கள். இந்தக் குழந்தையின் தாய் எங்கே, அவளிடம் யார் பேசினார்கள் என்று கேளுங்கள். மனம் ஒப்பும் பதில் கிடைத்தால் தாராளமாகக் கொடுங்கள், உங்கள் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.