ஒரே வகுப்பில் அதிகாரியும் முதலாளியும்

பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் 1984-இல் பொருளாதார மேலாண்மைப் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் தலைவரானவர் ஜு ரோங்ஜி என்ற அரசு அதிகாரி. பின்னர் நாட்டின் பிரதமரான பிறகும் 2001 வரை அவர் அப்பதவியில் நீடித்தார். சீனாவில் வணிகக் கல்வி அரசு நட்டு வளர்த்த பயிர். 1991-இல் ஒன்பது பல்கலைக்கழகங்களில் எம்.பி.ஏ. வந்தது, 2002-இல் மூத்த நிர்வாகிகளுக்கான இ.எம்.பி.ஏ. படிப்புக்கு 30 நிறுவனங்கள் அனுமதி பெற்றன.

சிக்கல் அந்த இ.எம்.பி.ஏ. வகுப்பில்தான் முளைத்தது. நிலமும் கடனும் உரிமமும் தேவைப்பட்ட தொழிலதிபரும், அவற்றைக் கொடுக்கும் இடத்தில் இருந்த அதிகாரியும் ஒரே வகுப்பில் படித்தார்கள். பாடம் போட்டியைப் பற்றியது; தேநீர் இடைவேளையில் வளர்ந்ததோ உறவு. அதிகாரியின் பெருங்கட்டணத்தைப் பொதுப்பணம் கட்டினாலும் தவறு, சலுகையை எதிர்பார்க்கும் ஒருவர் கட்டினால் அதைவிடத் தவறு. 2014-இல் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை இத்தகைய படிப்புகளில் அதிகாரிகளும் அரசு நிறுவனத் தலைவர்களும் சேரக் கூடாது என்று தடுத்தது.

தடை நியாயமானதே. ஆனால் அதிகாரிக்கு இந்தக் கல்வியே வேண்டாம் என்று யாராவது முடிவுகட்டினால் அது கொடுமை. மேலிடம் சொன்ன உற்பத்தி இலக்கை எட்டுவதே வேலை என்று பழகிய அரசு ஆலை மேலாளருக்கு அடக்கவிலையும் கடன்சுமையும் புரிந்தாக வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் அரசு ஆலைகளிலிருந்து கோடிக்கணக்கான தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். எல்லாமே மேலாளர்களின் அறியாமையால் நடந்ததல்ல. ஆனாலும் அந்த அறியாமைக்கு விலை கொடுத்தவர்கள் மேலாளர்கள் அல்லர். எனவே அதிகாரிகள் படிக்கட்டும்: தனியாக, வெளிப்படையாக, யாருக்கும் கடன்படாமல்.

இதைவிடக் கனமான கடமை ஆசிரியருடையது. மலிவாகக் கிடைத்த நிலத்தாலும் அரசு வங்கியின் கடனாலும் வந்த லாபத்தை, முதலாளியின் மதிநுட்பத்தால் வந்ததாக, வகுப்பில் பாடமாக வைக்கும் கேஸ் ஸ்டடியில் எழுதுவது பொய். கட்சியின் கண்காணிப்பில் இருக்கும் பள்ளியில் எல்லாவற்றையும் எழுதிவிட முடியாது என்பது உண்மைதான். அச்சத்தால் ஒருவர் வாய்மூடி இருப்பதை மன்னிக்கலாம்; உண்மை தெரிந்தே புகழைத் தவறான ஆளுக்குச் சூட்டுவதை மன்னிக்க முடியாது, ஏனென்றால் அதைப் படித்த மாணவர்தான் நாளை அடுத்த ஆலையை நடத்தப்போகிறார். நிறுவனத்தின் பெயரை மறைத்துக்கொள்ளட்டும். நிலம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது, எந்த விலைக்குக் கைமாறியது என்பது கேஸ் ஸ்டடியில் இருக்க வேண்டும். நிலத்தை இழந்த கிராமத்தாருக்கு என்ன கிடைத்தது என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும்.