மாறிய கல் அதே கல்லா?

சூளைக்குள் கறுப்பாகப் போகும் மண்குடம் சிவப்பாக வெளியே வருகிறது. போனதும் வந்ததும் ஒரே குடம்தானா என்று இந்தியத் தத்துவ மரபு பல நூற்றாண்டுகள் வாதிட்டது. வைசேடிகர் இல்லை என்றனர். வெப்பம் குடத்தை அணு அணுவாகப் பிரிக்கிறது. நிறம் மாறுவது அணுக்களில்தான். அவை மறுபடி கூடிப் புதுக்குடம் பிறக்கிறது. கண்ணுக்கு எட்டாத வேகத்தில் நடப்பதால் பழைய குடமே நிற்பதாகத் தோன்றுகிறது என்பது அவர்கள் கட்சி. குடம் கலைந்து கூடுவதானால் அதன்மேல் அடுக்கிய குடங்கள் சரிந்திருக்க வேண்டாமா என்று நையாயிகர் மறுத்தனர். நுண்துளைகள் வழியே தீ புகுகிறது, குடம் குடமாகவே நின்று நிறம் மாறுகிறது என்றனர்.

இந்த வழக்கில் பாறைகளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மாக்மா குளிர்ந்து இறுகினால் தீப்பாறை. ஆழத்தில் மெல்லக் குளிர்ந்தால் கிரானைட்டைப் போலப் பெரிய படிகங்கள் விளையும். வெளியே பாய்ந்து சட்டென்று ஆறினால் பசால்ட்டின் நுண்மணிகள். மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகினால் படிவுப் பாறை. இவற்றில் எதுவும் புதையுண்டு வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆளானால் உருமாறிய பாறை.

சூளைக் கேள்விக்கு நேரான இடம் இந்த மூன்றாவதுதான். உருமாற்றம் பெரும்பாலும் பாறை உருகாமலே, திடநிலையிலேயே நடக்கிறது. சேற்றுப் பாறை பலகைக்கல்லாகும்போது களிமண் கனிமங்கள் சிதைந்து, அதே பொருளிலிருந்து மைக்காத் தகடுகள் புதிதாக வளர்கின்றன. ஆனால் சேறு படிந்த பழைய அடுக்குகளின் கோடுகள் கல்லில் இன்னும் தெரியும். சில பலகைக்கற்களில் டிரைலோபைட் என்னும் கடலுயிரியின் புதைபடிவம், அழுத்தத்தில் கோணலாக இழுபட்டும் அடையாளம் காணும்படி கிடக்கிறது. கனிமங்களைப் பார்த்தால் வைசேடிகர் சொன்னது சரி, பழையவை அழிந்து புதியவை பிறந்துவிட்டன. கோணலான அந்தப் புதைபடிவத்தைப் பார்த்தால் நையாயிகர் பக்கமே நியாயம், முழுமை குலையவே இல்லை. வெப்பம் ஏறஏற இந்தச் சான்றும் மங்கிவிடும். சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாகையில் கால்சைட் கால்சைட்டாகவே இருக்கிறது. மணிகள் மட்டும் பெரிதாக வளர்ந்து, சிப்பிகளின் உருவத்தை அழித்துவிடுகின்றன.

காரணத்திலேயே காரியம் அடங்கியிருக்கிறது என்ற சாங்கியருக்கு அன்டலூசைட், கயனைட், சில்லிமனைட் என்ற மூன்று கனிமங்கள் துணை நிற்கும். மூன்றும் அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் ஆகியவற்றின் ஒரே சேர்க்கை. அழுத்தம் குறைந்த இடத்தில் முதலாவதும், மிகுந்த இடத்தில் இரண்டாவதும், வெப்பம் மிகுந்த இடத்தில் மூன்றாவதும் தோன்றுகின்றன. பொருள் ஒன்று, வெளிப்பாடு மூன்று.

பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் கருங்கல்லும் இதே விவாதத்தில் சிக்கியது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் இருப்பது இந்தக் கல்தான் என்பதால், நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். இது மாக்மாவிலிருந்து பிறந்த தீப்பாறை என்பது அவர் முடிவு. 1960இல் சி. எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பாளதுர்கா குவாரியில் வேறொன்றைக் காட்டினார். அங்கே நைஸ் என்னும் வரியோடிய சாம்பல் நிற உருமாறிய பாறையில், பச்சைக் கறுப்பான சார்னோக்கைட் திட்டுத்திட்டாக இருக்கிறது. நைஸின் வரிகள் திட்டின் ஓரம்வரை வந்து, உள்ளே மங்கிக் கரைகின்றன. ஒரு பாறை இன்னொன்றாக மாறும் வழியில் நின்றுபோன நிலை அது. எங்கே நைஸ் முடிந்து சார்னோக்கைட் தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. ‘அதே கல்’, ‘வேறு கல்’ என்ற இரண்டே விடைகள் போதா என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. சார்னோக்கைட் எல்லாமே இப்படிப் பிறந்தவையும் அல்ல. மாக்மாவிலிருந்து நேராக வந்தவையும் உண்டு.

வெளியே, மழையில், முழுமை உண்மையிலேயே அழிகிறது. கரியமில வாயு கரைந்த நீர் கிரானைட்டின் ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்குகிறது. குவார்ட்ஸ் மணலாக உதிர்கிறது. சோடியமும் கால்சியமும் கரைந்து கடல் சேர்கின்றன. அந்தக் கால்சியம் சிப்பியாகி, சுண்ணாம்புக்கல்லாகிறது. ஒரு கல்லின் பொருள் மூன்று திசையில் பிரிந்துவிட்டால், அந்தக் கல்லுக்கு வாரிசு என்று எதையும் காட்ட முடியாது.

அப்படிச் சிதறியும் அழியாதது சிர்க்கான் என்னும் கனிமம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில், சுமார் 300 கோடி ஆண்டுப் பாறைக்குள் 440 கோடி ஆண்டு பழைய சிர்க்கான் மணி கிடைத்திருக்கிறது. அதிலுள்ள யுரேனியம் ஈயமாகச் சிதையும் விகிதமே வயதைச் சொல்கிறது. சிர்க்கானையும் மாறாத அணு என்று கொண்டாட முடியாது. பாறை மறுபடி சூடாகும்போது பழைய மையத்தைச் சுற்றிப் புது விளிம்பு வளர்கிறது. ஒரே மணியில் இரண்டு, மூன்று வயது. தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் சேர்ந்ததே உள்பொருள் என்று சமணரின் தத்துவார்த்த சூத்திரம் வகுத்த இலக்கணம், வாதிட்ட கட்சிகள் எல்லாவற்றிலும் இந்த மணிக்கு நன்றாகப் பொருந்துகிறது.

கல் கல்லாக மாறிக்கொண்டே போகும் இந்தச் சுழற்சிக்குத் தொடக்கம் உண்டா என்பது அடுத்த கேள்வி. 1788இல் ஸ்காட்லாந்தின் சிக்கார் பாயின்ட் கடற்கரையில், செங்குத்தாக நிமிர்ந்து தேய்ந்த பழைய அடுக்குகளின்மேல் செம்மணற்கல் சாய்ந்து படிந்திருப்பதை ஜேம்ஸ் ஹட்டன் கண்டார். ஒரு நிலம் படிந்து, இறுகி, எழுந்து, தேய்ந்த பிறகே அடுத்தது படிந்தது. கி.மு. 4004இல் படைப்பு என்று பலர் நம்பிய காலத்தில், பாறைகளில் தொடக்கத்தின் சுவடே இல்லை என்பது அவர் கண்ட முடிவு. அறியப்பட்ட மிகப் பழைய பாறைகளில் ஒன்றான கனடாவின் அகாஸ்டா நைஸ் சுமார் 400 கோடி ஆண்டு பழையது; அதுவும் உருமாறிய பாறைதான்.

சுவடு இல்லாததால் தொடக்கமும் இல்லை என்று ஆகாது. பழையதை உருக்கிப் புதியதைச் செய்யும் உலை தன் முதல் கணக்கை வைத்திராது. பூமிக்கு வெளியே, விண்கற்களில் அந்தக் கணக்கு தப்பியிருந்தது. 1956இல் கிளேர் பேட்டர்சன் அவற்றின் ஈயத்தை அளந்து, பூமியின் வயதைச் சுமார் 455 கோடி ஆண்டு என்று நிறுவினார். ஆகவே பூமிக்குத் தொடக்கம் உண்டு. பூமி ஆன பொருளுக்கு அது தொடக்கமில்லை. அந்த யுரேனியமே சூரியனுக்கும் முன்பிருந்த விண்மீன்களிலிருந்து வந்தது. உலகம் தோன்றி ஒடுங்கும், அதற்கு முதற்காரணமான மாயை அனாதி என்று சைவ சித்தாந்தம் வைக்கும் பிரிவினை இந்த இடத்தில்தான் நிற்கிறது. அதன் முதற்பாதிக்குப் பாறைகள் சாட்சி சொல்லும். பிற்பாதி அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது.