கழுவிய மீன்

சின்ன வயதில், மீன் குழம்பு வைக்கும் நாளில் என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கும். கேளம்பாக்கத்து உப்பளங்களைத் தாண்டி, கோவளத்திலிருந்து கூடையில் வரும் சங்கராவை அம்மா சிவக்கச் சிவக்கக் குழம்பு வைப்பார். என் துண்டை மட்டும் அந்தத் தண்ணீரில் முக்கி, மசாலாவை விரலால் வழித்து, முள் எடுத்துச் சோற்றின் மேல் வைப்பார். தண்ணீர் சிவக்கும், மீன் வெளுக்கும். வீட்டில் எல்லோரும் மீன் குழம்பு சாப்பிட்டார்கள். நான் கழுவிய மீன் சாப்பிட்டேன்.

அதே கிண்ணத்தைப் போன மாதம் நானே எடுத்து வைத்தேன். மகளுக்கு ஆறு வயது. தோழியின் பிறந்தநாளில் தாய்லாந்துப் பச்சைக் குழம்பைப் பார்த்துவிட்டு வந்து, அதே வேண்டும் என்று நின்றாள். கடையில் விழுது வாங்கி, தேங்காய்ப்பால் ஊற்றி, கோழி போட்டுச் செய்தேன். நன்றாக ஆறிய குழம்புதான். ஒரு வாய் வைத்ததும் "சுடுது" என்று அழுதாள். யோசிக்காமல் கோழித்துண்டைத் தண்ணீரில் முக்கிக் கழுவிக் கொடுத்தேன். மென்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, இதுல வாசனையே இல்ல."

அவள் வேண்டாம் என்றது காரத்தை. நான் கழுவிவிட்டதோ இரண்டையும்.

ஆறிய குழம்பு சுடுகிறது என்று அவள் சொன்னது தவறில்லை. மிளகாயின் கேப்சைசினும் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் நம் நரம்பில் தட்டுவது ஒரே கதவைத்தான். அந்தக் கதவைக் கண்டறிந்ததற்காகவே டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் கழுவும்போது போவது மேலே ஒட்டிய மசாலாதான். உள்ளே ஊறிய காரம் அங்கேயே இருக்கும். தேங்காய்ப்பாலை மேலும் மேலும் ஊற்றினாலும் பயனில்லை, காரம் நீர்க்கிற அளவுக்கு மணமும் நீர்த்துவிடும். குழம்புக்குள் போன காரத்தைப் பிறகு தனியாகப் பிரிக்க வழியே கிடையாது. பருப்பு கடைந்ததும் பிள்ளைக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டுத்தான் எங்கள் ஆயா மிளகாய்த்தூள் டப்பாவைத் திறப்பார். எல்லாம் அந்த வரிசையில் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழுதை நானே அரைத்தேன், மிளகாய் இல்லாமல். பச்சை நிறத்துக்குக் கொத்தமல்லி, வேரோடு. தொட்டியில் வளர்த்த எலுமிச்சைப் புல். தாய்லாந்துக்காரர்கள் போடும் பேரரத்தைக்கு உறவான சித்தரத்தை, சளிக்குக் கஷாயம் வைக்க நம் வீட்டிலேயே இருந்தது. அவர்களுடைய எலுமிச்சை இலைக்குப் பதிலாக, வேப்பிலைக்கட்டிக்கு இடிக்கிற நம் நாரத்தை இலை. இறால் விழுதுக்குப் பதில் வறுத்துப் பொடித்த சென்னாக்குன்னி. அவர்களுடைய துளசி நம் திருநீற்றுப்பச்சிலையின் வகைதான். அதன் விதையைத்தான் சப்ஜா என்று ரோஸ்மில்க்கில் போடுகிறோம். கடைசியில் கொஞ்சம் பனைவெல்லம். நம் சொதியில் கெட்டிப்பால் கடைசியில் சேரும். இதில் கெட்டிப்பாலை முதலில் எண்ணெய் பிரியக் காய்ச்சி, அதில்தான் விழுதை வதக்க வேண்டும். அந்த வதக்கலில் எழுந்த மணத்துக்கே மகள் அடுப்படிக்கு வந்துவிட்டாள். பச்சை மிளகாயைத் தனியே அரைத்து, எண்ணெயில் வதக்கி, சின்னக் கிண்ணத்தில் மேசை நடுவில் வைத்தேன். வேண்டியவர்கள் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளட்டும் என்று.

மிளகாய் இல்லாமல் தாய்லாந்துக் குழம்பா என்று கணவர் கேட்டார். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரும்வரை அவர்களுக்கும் நமக்கும் மிளகுதான் காரம். வந்த புதியதை நாம் மிளகாய் என்றோம். அவர்கள் மிளகின் பெயரான 'பிரிக்' என்பதையே அதற்குக் கொடுத்துவிட்டு, பழைய மிளகைப் 'பிரிக் தாய்' ஆக்கிக்கொண்டார்கள். தாய்லாந்தின் தக்குவாபாவில் பல்லவர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினரையும் அது சொல்கிறது. அந்த வணிகர்கள் அங்கே சாப்பிட்ட எந்தக் குழம்பிலும் மிளகாய் இருந்திருக்க முடியாது. மகளுக்கு நான் வைத்தது அரைகுறைக் குழம்பு இல்லை.

இதைச் சமையல் விஷயமாக மட்டும் என்னால் விட முடியவில்லை. இரண்டு வருடம் முன்பு என் அப்பா இறந்தபோது, அவளிடம் "தாத்தா ஊருக்குப் போயிருக்கார்" என்றோம். குழந்தை தாங்காது என்று நினைத்தோம். நாலு மாதம் கழித்து ஒருநாள் இரவு கேட்டாள்: "தாத்தாவுக்கு என் மேல கோபமா? ஏன் போனே பண்ணல?" நாங்கள் துக்கத்தைக் கழுவுவதாக நினைத்துக்கொண்டு, அவளுக்கும் தாத்தாவுக்கும் நடுவில் இருந்த பிரியத்தைக் கழுவிவிட்டிருந்தோம். நாலு மாதம் அந்தக் குழந்தை தனியாக என்னவெல்லாம் நினைத்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. அன்று அவளிடம் உண்மையைச் சொன்னேன். மருத்துவமனை, சுடுகாடு எதையும் சொல்லவில்லை. தாத்தா இறந்துவிட்டார், இனி வரமாட்டார், கடைசிவரை உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று சொன்னேன். அழுதாள். அழுது முடித்து, தாத்தாவின் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு தூங்கினாள்.

காரத்துக்கே திரும்பி வருகிறேன். மெக்சிகோவின் மலைக்கிராமம் ஒன்றில் குழந்தைகள் மிளகாய்க்கு எப்படிப் பழகுகிறார்கள் என்று பால் ரோசினும் டெபோரா ஷில்லரும் ஆராய்ந்து 1980-இல் எழுதினார்கள். அங்கே யாரும் காரத்தைப் பிள்ளை வாயில் திணிப்பதில்லை. சிறுகச் சிறுகக் கொடுக்கிறார்கள். பெரியவர்கள் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் தாங்களாகவே எடுக்கத் தொடங்குகிறார்கள். அதே ஊரில் தினமும் காரமான மிச்சத்தைத் தின்கிற நாய்க்கும் பன்றிக்கும் அந்த விருப்பம் வருவதில்லை. எனக்கு இது பெரிய செய்தியாகப் பட்டது. காரத்தின் மேல் ஆசை வர நாக்கு மட்டும் போதாது, கூட உட்கார்ந்து சாப்பிட ஆட்கள் வேண்டும். பிள்ளைக்கென்று தனிச் சட்டியில் வெள்ளையாக எதையோ சமைத்து, அதையும் செல்போனைக் காட்டி முன்கூட்டியே ஊட்டி முடித்துவிடும் வீடுகளில் அந்த உட்காரல்தான் இல்லாமல் போகிறது.

நேற்றும் அதே குழம்பு. மகள் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டாள். பிறகு நடுவில் இருந்த மிளகாய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, ஸ்பூன் முனையால் ஒரு பொட்டு தொட்டு நாக்கில் வைத்தாள். கண் கலங்கியது. தண்ணீர் கேட்டாள். நான் தயிர் கொடுத்தேன்.