முருகன் ஒரு 'தல'யா?



செமஸ்டர் விடுமுறைக்கு ஊர் வந்தால், பீடோங் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஞாயிறு தேவார வகுப்பு எடுப்பேன். போன மாதம் 16 வயதுத் தம்பி ஒருவன், முதுகில் நம்பர் போட்ட கறுப்புச் சட்டையோடு வந்தான். எந்த மாதிரி நம்பர் என்று உங்களுக்கே தெரியும். போற்றி சொல்லும்போது 'தேவசேனாபதி' என்று வந்தது. உடனே கேட்டான்: "அண்ணே, சேனாபதின்னா படைத்தலைவன்தானே? அப்போ முருகனும் ஒரு 'தல'தானே?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த போற்றிக்குப் போய்விட்டேன். அது என் தப்பு.

அந்தப் பெயருக்கு இரண்டு பொருள் உண்டு. தேவர் சேனைக்குத் தலைவர். தேவசேனை என்கிற தெய்வானையின் கணவர். கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணனும், படைத்தலைவர்களில் தான் கந்தன் என்கிறார். அவ்வளவு பெரிய பட்டம்! ஆனால் அது எப்படி வந்தது தெரியுமா? மகாபாரதம் வனபர்வத்தில் இந்திரன் தன் அரச பதவியையே கந்தனுக்குக் கொடுக்க வருகிறான். கந்தனோ வேண்டாம் என்கிறார். நீயே ஆண்டுகொள், நான் உன் ஏவலுக்கு நிற்கிறேன் என்கிறார். அதன் பிறகுதான் சேனாபதி பொறுப்பு வருகிறது. மறுத்தது சிம்மாசனம், ஏற்றது வேலை.

கந்தபுராணத்தையும் பாருங்கள். சூரபத்மன் மேல் எடுத்தவுடனே வேலை வீசவில்லை. முதலில் வீரபாகு தேவரைத் தூது அனுப்பி, சிறையில் இருக்கும் தேவர்களை விடச் சொன்னார். சூரபத்மன் கேட்கவில்லை, போர் வந்தது. முடிவில் அந்த எதிரியே மயிலும் சேவலுமாகிக் கூடவே இருக்கிறான். மீட்ட பொன்னுலகம் இந்திரனுக்கே போனது.

நம் நாட்டிலும் இப்படி ஒரு பட்டம் உண்டு. அரசியலமைப்பின் 41ஆவது விதிப்படி மாமன்னர்தான் ஆயுதப் படைகளின் தலைமைத் தளபதி. தவணை ஐந்து ஆண்டு. நம் கெடா சுல்தான் அப்துல் ஹாலிம் இரண்டு முறை (1970–75, 2011–16) அந்தப் பொறுப்பில் இருந்தார். தவணை முடிந்ததும் பட்டத்தை விட்டுவிட்டு அலோர்ஸ்டார் திரும்பினார்.

தம்பி சொன்ன 'தல'க்கு அந்தப் பட்டத்தை யார் கொடுத்தது? யாரைச் சிறைமீட்க? நாளைக்கு ஒரு கேஸ் என்றால் லோக்காப் வாசலில் அம்மாதான் நிற்பார். தல வரமாட்டார்.

இரண்டு வாரமாக அவன் வகுப்புக்கு வரவில்லை. இந்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போகிறேன். அவன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.