கடல் நடுவே ஒரு மௌனம்



பிரான்சு தேசத்தின் தென்கரையில், கான் பட்டணத்துக்கு எதிரே, மத்தியதரைக் கடலில் அர்ச். ஹொனோராத்துஸ் பெயரால் வழங்கும் சிறு தீவு ஒன்று உண்டு. நீளம் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர். அகலம் அரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. பாம்புகளுக்கு அஞ்சி மனிதர் ஒதுக்கிய அப்பாழ்நிலத்தில், ஏறக்குறைய கி.பி. 410-ல் அந்த அர்ச்சியசிஷ்டவர் மடம் ஸ்தாபித்தார்.

மௌனத்தை நாடியவர்கள் மக்களைக் கைவிட்டார்களோ? இல்லை! அவரும், அவருக்குப்பின் ஹிலாரி, செசாரியுஸ் என்பவர்களும் அத்தீவிலிருந்து சென்று ஆர்ல் நகரின் மேற்றிராணிமார் ஆனார்கள். செசாரியுஸ், சிறைப்பட்டவர்களை மீட்கக் கோவிலின் வெள்ளிப் பாத்திரங்களையும் விற்றார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெறுமையான அம்மடத்தில் 1869-ல் சிஸ்தேர்சியன் சந்நியாசிகள் குடியேறினார்கள். இன்றும் அவர்கள் செபித்து, திராட்சைத் தோட்டத்தில் உழைக்கிறார்கள். பட்டணத்தின் ஆரவாரத்துக்கும் அவர்களுக்கும் நடுவே இருப்பது சிறிது கடல்நீர் மாத்திரமே.

நம் வீட்டில் அந்தச் சிறிது இடைவெளியாவது உண்டா? பிள்ளை தன் துயரத்தைச் சொல்ல வரும்போது கைபேசியைக் கீழே வைக்கிறோமா? இன்றிரவு செபமாலை வேளையில் சத்தங்களையெல்லாம் அரைமணி நேரம் நிறுத்துங்கள். சர்வேசுரனுக்குச் செவிகொடுக்கப் பழகினவனே அயலானுடைய அழுகையையும் கேட்பான். ஆமென்.